வெள்ளைத் துணியைச் சுற்றிப் போனவள்

பதுளையில் பயாஸ்கோப்புக் கொட்டகை போட்டுக் கழற்றிக்கொண்டு போனதிலிருந்து பாறைத் தோட்டம் என்னும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேறு பேச்சில்லை. முதலில் காட்டினார்களே, அந்தப் பத்தினிப் படம், அதுதான் உயர்ந்த படம் என்று ஆண்கள் எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். மாரியம்மன் வாசலில் கற்பூரத்தை அணைத்துச் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எனக்கு எழுத்துத் தெரியாது. கண் நன்றாகத் தெரியும். அது மோசமான படம். இரண்டாவதாகக் காட்டிய குதிரைக்காரிப் படம்தான் படம்.

ஏன் என்று கேட்டால், என் நாத்தனார் இராக்கம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளை விட்டுவிட்டு அந்தப் படங்களைப் பற்றி எனக்குப் பேசத் தெரியாது.

இராக்கம்மா என் வீட்டுக்காரருக்குத் தங்கை. எங்கள் லயத்து வீட்டு வரிசையிலேயே கடைசி அறை, அந்தக் காம்பரா, அவளுடையது. வயது நாற்பது இருக்கும். அவள் பிறந்தது இந்தத் தோட்டத்தில் இல்லை, வருகிற வழியில். திருச்சிப் பக்கத்திலிருந்து என் மாமியார் கப்பல் ஏறி மன்னாரில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக நடந்து வந்தபோது மாத்தளைக்கு இந்தப் பக்கம் ஒரு மடத்தில் இவளைப் பெற்றுப் போட்டார்களாம். “நீ இரு, பொறகு வா” என்று கூட்டிவந்த கங்காணி சொல்லியிருக்கிறான். விடிந்ததும் பிள்ளையை முந்தானையில் கட்டிக்கொண்டு அந்தம்மா நடந்தார்களாம், அடுத்த தங்கலுக்குக் கூட்டத்துக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தார்களாம். அந்தப் பாலைக் குடித்து வளர்ந்தவள் இராக்கம்மா. அவளிடம் போய் ‘அடங்கு’ என்று சொன்னால் எப்படி?

கொழுந்து எடுப்பதில் அவளுக்கு யாரும் ஈடில்லை என்று நான் பெருமை பேச மாட்டேன். அவளைவிட வேகமாக எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு மழை நாளில், பால் கட்டிப்போய் அழுதுகொண்டு நின்ற ஒரு பச்சைப்பிள்ளைக்காரியை, குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவுக்குப் போகவிடாமல் கங்காணி நிறுத்திவைத்தபோது, தன் கூடைக்கு மேலே அவள் கூடையையும் தலையில் மாட்டிக்கொண்டு, “ரெண்டு பேரு கொழுந்தும் ஒனக்கு வந்து சேரும். அவள விடு” என்று சொன்னது இராக்கம்மாதான். வேறு ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

அவளைக் கட்டினவன் கந்தப்பன். தேன் ஒழுகப் பேசுவான். திருவிழாவில் தப்பு அடித்தால் கிழவிகளுக்கும் கால் நிற்காது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு மொனராகலைப் பக்கம் ரப்பர்த் தோட்டத்துக்குப் போய்விட்டான். சொல்லிக்கொண்டும் போகவில்லை. அப்போது அவர்களுடைய மகள் நல்லம்மாவுக்குப் பால் பல்கூட விழவில்லை. அடுத்த மழையில் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. இராக்கம்மா தாலியில் இருந்த பொட்டுத் தங்கமும் அந்தக் காய்ச்சலோடு போனது, பிள்ளையும் போனது. கோவிலுக்குப் பின்னால் மேட்டில்தான் எங்கள் ஆட்களைப் புதைப்பது. அந்த மழையில் மேடு சரிந்து கிடந்ததால், பழைய மலை என்கிற தேயிலைச் சரிவின் ஓரத்தில் கல்யாண முருங்கை மரத்தடியில் புதைத்தோம். அப்பன் போட வேண்டிய முதல் பிடி மண்ணை என் வீட்டுக்காரர் போட்டார்.

போன தை மாதம் கந்தப்பன் திரும்பி வந்தான்.

கூட்டிக்கொண்டு போனவள் அவனை விட்டுவிட்டாளாம். உடம்பும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. இராக்கம்மா தன் காம்பராக் கதவை அடைத்துக்கொண்டாள். அவன் நேராக எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் வந்து சாக்கை விரித்துப் படுத்தான். “மச்சான், மச்சான்” என்று என் வீட்டுக்காரரைச் சுற்றி வந்தான். அவருக்கு மனசு இளகிப்போயிற்று. வாசலில் வந்து நிற்பவனுக்குச் சோறு இல்லை என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை, போட்டேன். கருவாட்டுத் துண்டு மட்டும் அவன் தட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிரிந்த புருஷனும் பெண்சாதியும் சேரவேண்டுமென்றால், கோவில் வாசலில் பஞ்சாயத்தின் முன்னால் புருஷன் வெற்றிலை பாக்குத் தட்டை வலது கையால் நீட்ட வேண்டும். அவள் வாங்கிக்கொண்டால் முடிந்தது. அன்றைக்கே அவன் அவள் காம்பராவுக்குள் போகலாம். பிரிவதென்றால் புருஷன் ஒரு துரும்பைக் கிள்ளி அவள் கையில் கொடுத்துவிடுவான். அத்தோடு அறுந்தது. பெண்சாதி கிள்ளிக் கொடுத்ததாக நான் பிறந்த நாளிலிருந்து கேள்விப்பட்டதில்லை.

பெரிய கங்காணி இராசையா, கந்தப்பனுக்காகப் பஞ்சாயத்துக் கூட்டுவதாகச் சொல்லி அனுப்பினார். “வரமாட்டேன்” என்று இராக்கம்மா பதில் அனுப்பினாள். மறுபடி சொல்லி அனுப்பினார். மறுபடி அதே பதில். அந்தச் சமயத்தில்தான் பதுளைச் சந்தைக்குப் பின்னால் இருந்த வெளியில் மொஹிதீன் நானா பயாஸ்கோப்புக் கொட்டகை போட்டார். அவர் பதுளைத் துணிக்கடைக்காரர்தான். ரயில் வந்ததிலிருந்து அவருக்கு இந்த ஆசை. கங்காணி என்ன நினைத்தாரோ, லயத்து ஆட்கள் எல்லோரையும் தன் செலவில் கூட்டிப்போவதாகச் சொன்னார். இராக்கம்மாவையும் வரச்சொன்னார். படம் என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை? அவளும் புறப்பட்டாள்.

கொட்டகைக்கு நடுவில் ஒரு பெரிய வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அதற்கு முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள். நாங்கள் பின்பக்கம் போய் உட்கார்ந்தோம். துணிக்கு ஒருவன் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தான். நனைந்தால்தான் வெளிச்சம் எங்கள் பக்கம் வருமாம். முன்வரிசையில் இருந்த எங்கள் மேலெல்லாம் தூவானம். நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மடியில் இருந்த பேரனையும் அதற்குள் இழுத்துக்கொண்டேன்.

விளக்கை அணைத்தார்கள். துணியில் ஒரு தெரு வந்தது, வீடு வந்தது, மனுஷர்கள் நடந்தார்கள். என் பக்கத்தில் இருந்தவள் என் தொடையைப் பிடித்துக் கிள்ளினாள். பேச்சுச் சத்தம் கிடையாது. வாய் மட்டும் அசையும். இடையிடையே எழுத்து வரும். மொஹிதீன் நானா அந்தப் பக்கம் நின்று நாடகக்காரன் குரலில் கதை சொல்வார்.

கதை இதுதான். ஒரு வியாபாரி, ஆட்டக்காரி ஒருத்தியின் பின்னால் கப்பல் ஏறிப் போய்விடுகிறான். பெண்சாதி ஊரார் வீட்டில் மாவரைத்துப் பிழைக்கிறாள். அவள் பிள்ளை நோயில் செத்துப் போகிறது. அங்கே அவன் ஆட்டக்காரி வீட்டில் விருந்து சாப்பிடுகிறான். அதை இடது கையால் சாப்பிட்டான். “குடிச்சிருக்கான்டி, எந்தக் கைன்னு அவனுக்கே தெரியல” என்று எங்கள் பக்கம் சிரித்தார்கள். கடைசியில் எல்லாம் தொலைத்துவிட்டு வீடு திரும்புகிறான். அவள் ஓடிவந்து அவன் காலைக் கழுவுகிறாள். அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்கிறாள். அவன் ஒரு வெற்றிலையை எடுத்து நீட்டுகிறான். அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவன் காலில் விழுகிறாள்.

“பாருங்கள் தாய்மாரே! பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்! இவளன்றோ பத்தினி!” என்று மொஹிதீன் நானா கத்தினார். ஆண்கள் பக்கம் ஒரே விசும்பல். என் வீட்டுக்காரர் மூக்குச் சிந்திய சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. முப்பது வருஷமாகக் கேட்கிற சத்தம்.

இராக்கம்மா எழுந்து நின்றாள்.

“இடது கையால குடுக்குறான், மதினி. பாத்தீங்களா? நாய்க்குப் போடுற மாதிரி இடது கையால நீட்டுறான். அவளும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிறா. த்தூ!”

நானும் பார்த்தேன். இடது கைதான். எங்கள் பக்கம் இருந்த அத்தனை பெண்களும் பார்த்தோம்.

மறுநாள் எங்கள் லயத்தில் அடுப்புப் புகையைவிடச் சண்டைப் புகைதான் அதிகம். “வலது கை” என்கிறார் என் வீட்டுக்காரர். “இடது கை” என்கிறேன் நான்.

“ஏண்டி, நான் கண்ண மூடிக்கிட்டா இருந்தேன்?”

“தொறந்துதான் இருந்தீங்க. தண்ணி ரொம்பிப் போச்சுல்ல, எப்படித் தெரியும்?”

அடுத்த காம்பராவிலும் அதே சண்டை, அதற்கு அடுத்ததிலும் அதே. ஆண்கள் கூட்டுச் சேர்ந்துகொண்டு பொய் சொல்கிறார்கள் என்று நாங்கள் முடிவு கட்டினோம். பெண்களுக்குப் படம் பார்க்கவே தெரியவில்லை என்று அவர்கள் முடிவு கட்டினார்கள்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் கங்காணி இராசையா இராக்கம்மாவை நிறுத்தினார். தடியை ஊன்றிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

“என்ன ஆத்தா, படம் பாத்தியா? அந்தப் பொம்பளைக்கு வந்த கஷ்டமா ஒனக்கு வந்துச்சு? அவளே ஏத்துக்கிட்டா. கந்தப்பன் பாவம், நாய் மாதிரி இஸ்தோப்புல கெடக்கான்.”

“இடது கையால குடுக்குறவன்கிட்ட வாங்குறவ எனக்கு ஒதாரணம் இல்லைங்க.”

“வலது கையாலதான் குடுத்தான்.”

“இடது கைங்க. நான் பாத்தேன்.”

“சரி, வலது கையா இருந்துட்டா? நீ ஏத்துக்குவியா?”

இராக்கம்மாவுக்குக் கோபம் வந்தால் நாக்கு முந்திக்கொள்ளும். “வலது கையா இருந்தா நானும் தட்ட வாங்குறேன். போதுமா?” என்று சொல்லிவிட்டாள்.

“சொன்ன சொல்லு?”

“சொன்ன சொல்லு.”

 கங்காணி சிரித்துக்கொண்டே போனார். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போது பஞ்சாயத்து என்று தப்படித்துச் சொல்லிவிட்டார்கள். பதுளைக்கு ஆள் அனுப்பி மொஹிதீன் நானாவைக் கேட்டுவருவதாகவும் பேச்சு. இராக்கம்மா கலங்கவே இல்லை. “கேக்கட்டும், மதினி. ஊரு பொம்பளைங்க அத்தன பேரும் பாத்தோம்ல?” என்றாள். எனக்கும் அதுதான் தைரியம்.

அந்த ஞாயிறு மத்தியானம் பதுளையில் பெண்களுக்கென்று தனியாக ஒரு ஆட்டம். மொஹிதீன் நானாவின் பெண்சாதி ஸைனப் பிடிவாதம் பிடித்து வைத்த ஆட்டம் அது. கடைத்தெருவில் இருக்கிற முஸ்லிம் வீட்டுப் பெண்கள், துணிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் இருந்தால் இந்தப் பக்கம்கூட வந்து உட்காரமாட்டார்கள். ‘ஒங்கட படத்த எங்களுக்கும் காட்டினாத்தான் ஊட்டுல சோறு’ என்று ஸைனப் சொல்லிவிட்டாளாம். ஆண்கள் ஒருவரும் கிடையாது என்பதால், பெண்கள் எல்லோரும் முன்பக்கம் உட்காரலாம். கொட்டகையைச் சுற்றிப் படங்குத் துணிகளைக் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். மொஹிதீன் நானா மட்டும் எந்திரத்தைச் சுற்றுவதற்காக எங்கள் முதுகுப் பக்கம் ஒரு மறைப்புக்குள் இருந்தார். கதை சொன்னது ஸைனப்.

“வாங்க புள்ளையள், முன்னுக்கு வந்து இரிங்க. ஆம்புளையள் ஒத்தரும் இல்ல. இவருக்கு நான் வாய்ப்பூட்டுப் போட்டிருக்கன்” என்று எங்களைக் கைபிடித்து உட்காரவைத்தாள்.

அந்தப் படம்தான் குதிரைக்காரிப் படம். ஒரு கோட்டைக் காவல்காரனின் மகள். அப்பன் சண்டையில் சாகிறான். இவள் அவன் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, அவன் குதிரையில் ஏறிக் காவலுக்குப் போகிறாள். கால் அகட்டி உட்கார்ந்து, மலைச்சரிவில் அந்தக் குதிரையை விட்டாளே, நாங்கள் எல்லோரும் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தோம். ஸைனப் கதை சொல்வதை மறந்துவிட்டு, “யா அல்லாஹ், விழுந்திடாத புள்ள, விழுந்திடாத!” என்று கத்தினாள். எதிரி வந்தபோது அவள் வாளை உருவினாள்.

அப்போதுதான் இராக்கம்மா என் காதுக்குள் கேட்டாள்: “மதினி, வாளு எந்தக் கையில இருக்கு?”

“வலது கையில. ஏன்?”

அவள் எழுந்தாள். வெள்ளைத் துணியின் ஓரமாக நடந்து பின்பக்கம் போனாள்.

“எங்க போற புள்ள? அங்க என்ன இரிக்கி?” என்று ஸைனப் கேட்டாள்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகம் சரியில்லை. நானும் போனேன். பின்பக்கம் ஆளில்லை, முந்தின ஆட்டத்து ஈரம் காயாத துணியும், நனைந்த மண்ணும், அன்றைக்கு நாங்கள் உட்கார்ந்து நசுக்கிய புல்லும்தான். நிமிர்ந்து துணியைப் பார்த்தேன். அதே குதிரை, அதே பெண். வாள் இடது கையில் இருந்தது.

நான் ஓரத்துக்கு ஓடி முன்பக்கம் எட்டிப் பார்த்தேன். வலது கை. திரும்பவும் பின்னால் வந்தேன். இடது கை. எழுத்துத் தெரிந்தவள் ஒருத்தி அன்றைக்கு எங்களோடு இருந்திருந்தால், எழுத்துத் திரும்பி நிற்கிறதே என்று அப்போதே சொல்லியிருப்பாள். எங்கள் லயத்தில் அப்படி ஒருத்தி ஏது? எங்களைத் துணிக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, பார்க்கத் தெரியவில்லை என்று வேறு சொன்னார்கள்!

“அப்ப அவன் வலது கையாலதான் குடுத்திருக்கான்” என்றாள் இராக்கம்மா.

“மூடு வாய. யாருக்கும் சொல்லாத. ஒனக்கும் எனக்கும்தான் தெரியும்.”

“பாத்தத பாக்கலன்னு சொல்லவா, மதினி?”

“சொல்லாம இருன்னுதான் சொல்றேன். பொழுது சாயட்டும், பஞ்சாயத்து முடியட்டும்.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். முன்னால் வந்து உட்கார்ந்தோம்.

படம் முடிகிற இடம். சண்டையில் ஜெயித்துக் கொடுத்த குதிரைக்காரியை ராஜா சபைக்குக் கூப்பிடுகிறான். அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லி, தன் கழுத்தில் இருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டுகிறான். வலது கையால்தான் நீட்டினான். நாங்கள் முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். இதில் சண்டைக்கு இடமில்லை. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். கும்பிட்டாள். மாலையை வாங்காமல் வெளியே வந்து, குதிரையில் ஏறி, தனியாக அந்தச் சரிவில் போனாள். சின்னதாகிச் சின்னதாகி ஒரு புள்ளியானாள். அப்படியே விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

“அவ்வளவுதானா?” என்று கேட்டாள் ஒருத்தி.

“அவ்வளவுதான் புள்ள. எங்கட ஆளு சொல்றாரு, ஆம்புளையள் இந்தப் படத்துக்குக் காசத் திருப்பிக் கேட்டாங்களாம்” என்று சொல்லி ஸைனப் சிரித்தாள்.

அங்கிருந்து நேராகக் கோவில் வாசலுக்குப் போனோம். கங்காணி பாயில் உட்கார்ந்திருந்தார். லயத்து ஆட்கள் சுற்றி நின்றார்கள். கந்தப்பன் குளித்து, என் வீட்டுக்காரரின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, வெற்றிலைத் தட்டோடு நின்றான். அந்த வேட்டியைத் துவைத்து வைத்தது நான். எனக்கு எரிந்தது.

கங்காணி தொண்டையைச் செருமினார். அதற்கு முன்னாலேயே இராக்கம்மா பேசினாள்.

“ஐயா, நான் சொன்னது தப்பு. அந்தப் படத்துல அவன் வலது கையாலதான் குடுத்தான். நாங்க துணிக்குப் பின்னால இருந்து பாத்தோம். பின்னால இருந்து பாத்தா வலது இடதா தெரியும். இன்னைக்குச் சுத்திப் போய்ப் பாத்துட்டுத்தான் வாறேன்.”

ஆண்கள் பக்கம் ஒரே கூச்சல். “சொன்னோம்ல!” என்று என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். வலது கையை.

“அப்புறமென்ன, ஆத்தா? சொன்ன சொல்லு இருக்கு. தட்ட வாங்கு” என்றார் கங்காணி.

கந்தப்பன் முன்னால் வந்தான். “இராக்கு, இந்தா பாரு, வலது கை” என்று தட்டை நீட்டினான்.

“வாங்கமாட்டேன்.”

 கங்காணி பாயிலிருந்து எழுந்தார்.

“நீதானே சொன்ன? கொழுந்து நிறுக்கிற எடத்துல, அத்தன பேரு முன்னால?”

“நான்தாங்க சொன்னேன். கையப் பத்திச் சொன்னதும் தப்பு, வாங்குறேன்னு சொன்னதும் தப்பு. சொன்ன சொல்லத் தவறிட்டேன். என்ன தண்டம்னு சொல்லுங்க, செய்யிறேன். தட்ட மட்டும் வாங்கமாட்டேன்.”

“படத்துல அந்தப் பொம்பள...”

“அந்தப் பொம்பளையப் பத்திப் பேசாதீங்க, ஐயா. அவளுக்கும் ஒரு பிள்ள செத்துச்சு. திரும்பி வந்தவன் பிள்ள எங்கன்னு ஒரு தடவ வாயத் தொறந்தானா? அவளாவது சொன்னாளா? அது எப்படிப்பட்ட படம்? பிள்ளையப் பறிகுடுத்தவ எவளாவது அத நம்புவாளா?” என்று கேட்டுவிட்டு, கந்தப்பன் பக்கம் திரும்பினாள். “நீ தையில வந்த. எங்கண்ணன் சோறு தின்ன, எங்க மதினி கையால தண்ணி குடிச்ச. நல்லம்மா செத்ததும் ஒனக்குத் தெரியும். அவள எங்க பொதச்சோம்?”

கந்தப்பன் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணை அங்கும் இங்கும் ஓட்டினான்.

“கோயிலுக்குப் பின்னால... மேட்டுலதானே” என்றான்.

 முதல் பிடி மண் போட்ட என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கங்காணியும் அந்த மழையில் அங்கே நின்றவர்தான், அவருக்கும் தெரியும். கந்தப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒருவரும் அவனுக்கு எடுத்துக்கொடுக்கவில்லை.

இராக்கம்மா கோவில் ஓரத்துத் தேயிலைச் செடியிலிருந்து ஒரு காய்ந்த குச்சியை ஒடித்தாள்.

“ஏய், துரும்பு கிள்ளுறது ஆம்பள. நீ குடுக்கக்கூடாது” என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான்.

“குடுக்க வேண்டியவன் ஆறு வருஷத்துக்கு முன்னாலயே குடுத்திருக்கணும். குடுக்காமப் போயிட்டான். நான் எத்தன நாளைக்குக் காத்துக்கிட்டு நிக்கிறது?”

குச்சியை இரண்டாகக் கிள்ளினாள். கழுத்தில் மிஞ்சியிருந்த மஞ்சள் கயிற்றையும் அவிழ்த்து அதோடு சேர்த்தாள். எல்லோருக்கும் தெரியும்படி கையைத் தூக்கிக் காட்டினாள்.

“எல்லாரும் முன்னாலதானே நிக்கிறீங்க? நல்லாப் பாத்துக்கங்க. வலது கை.”

வெற்றிலைக்கு மேலே வைத்தாள்.

கங்காணிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. சொல் தவறியதற்கு மாரியம்மனுக்குத் தேங்காய் உடைக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். துரும்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. செல்லும் என்றும் சொல்லவில்லை, செல்லாது என்றும் சொல்லவில்லை. நான் போய்த் தேங்காய் எடுத்துவந்து கொடுத்தேன். இராக்கம்மா கல்லில் அடித்த அடியில் ஒரு சில்லு பறந்து போய்க் கங்காணியின் பாயில் விழுந்தது. அவர் அதை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு வாயில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

கந்தப்பன் மறுநாள் லுணுகலைப் பக்கம் போய்விட்டான். என் வீட்டுக்காரரின் வேட்டியோடுதான் போனான். அதைப் பற்றி நான் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

லயத்தில் இப்போதும் சொல்கிறார்கள்: இராக்கம்மா வாக்குத் தவறினவள், பொம்பளை துரும்பு கொடுத்தால் செல்லாது, அவள் இன்னும் கந்தப்பன் பெண்சாதிதான் என்று. சொல்லட்டும். அவள் கழுத்தில் கயிறு இல்லை, கதவுக்குள் அவன் இல்லை. செல்லுகிறதா இல்லையா என்று அந்தக் கதவைப் போய்க் கேளுங்கள். அந்தப் பத்தினிப் படத்தை மறுபடி கொண்டுவந்தால், சும்மா காட்டினாலும் நான் போகமாட்டேன். குதிரைக்காரி வந்தால் மழையிலும் நடந்து போவேன், முன்பக்கம்தான் உட்காருவேன். அதை மொஹிதீன் நானாவிடமே சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

முந்தாநாள் பழைய மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். கல்யாண முருங்கை பூத்திருந்தது. இராக்கம்மா வழக்கம்போல அந்த மரத்தடியில் கொஞ்சம் நின்றுவிட்டு, பூவை ஒதுக்கிவிட்டு, கூடையைச் சரிசெய்துகொண்டு என் வரிசைக்கு வந்தாள்.

“மதினி, அந்தக் குதிரை அப்புறம் எங்க போயிருக்கும்?”

“பண்டாரவளைக்குப் போயிருக்கும்டி. மொஹிதீன் நானா அங்கதான் கொட்டகை போட்டிருக்காராம்.”

அவள் சிரித்த சிரிப்பில், அடுத்த வரிசையில் நின்ற கங்காணி திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார்.